கண்ணாடிப் படிக்கட்டு: சென்ட்ரிங் அடிக்கும்போதே தொடங்கும் வேலை

புது வீட்டுக்குக் கடைசியாக வந்து சேரும் பொருள்களில் கண்ணாடிப் படியும் ஒன்று. பூச்சு முடிந்து, கிரானைட் பதித்து, பெயின்டும் அடித்த பிறகுதான் அது வண்டியிலிருந்து இறங்கும். அதனாலேயே பலர் அதைப் பற்றிய முடிவையும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். படியைத் தாங்கும் இரும்புச் சட்டம் எந்த பீமில் ஊன்றும், சுவரில் எங்கே பிளேட் புதைக்க வேண்டும், தடுப்புக் கண்ணாடி நிற்கும் யூ சேனல் தளத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதெல்லாம் கான்கிரீட் போடும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. தாமதமாக முடிவெடுத்த வீடுகளில் கான்கிரீட்டை உடைத்துத்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.

கண்ணாடிப் படிக்கு உலகம் முழுக்க மோகம் வந்ததில் ஒரு கடைக்குப் பெரும் பங்கு உண்டு. 2002இல் நியூயார்க்கின் சோஹோ பகுதியில், முன்பு தபால் நிலையமாக இருந்த கட்டடத்தில் ஆப்பிள் கடை திறந்தபோது அதன் நடுவே நின்றது கண்ணாடிப் படிக்கட்டு. அதன் வடிவமைப்பு உரிமத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் பெயரும் இருக்கிறது. 2006இல் ஐந்தாவது அவென்யூ கடையில் வட்ட லிஃப்டைச் சுற்றிக் கண்ணாடிப் படிகள் சுழன்று இறங்கின. இதற்கெல்லாம் முன்பே, 1980களின் இறுதியில், செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் ஈவா யிரிச்னா லண்டனின் ஜோசஃப் துணிக்கடைகளில் எஃகுத் தண்டுகளும் கம்பிகளும் தாங்கும் கண்ணாடிப் படிகளை அமைத்திருந்தார். அந்தக் கடைகளுக்குப் பின்னால் கண்ணாடிப் பொறியியலிலேயே ஊறியவர்கள் இருந்தார்கள். வீட்டில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரரின் தலையில் விழுகிறது. கணக்கு போடுவது அவர் வேலையல்ல. யாரிடம் எதை, எப்போது கேட்பது என்று தெரிந்திருப்பது அவர் வேலை.

எவ்வளவு கண்ணாடி வேண்டும்?

மூன்று வகை உண்டு. முதலாவதில் படி கான்கிரீட், கிரானைட் அல்லது மரம். பக்கத் தடுப்பு மட்டும் கண்ணாடி. இரண்டாவதில் ஸ்ட்ரிங்கர் எனப்படும் சாய்வான இரும்புச் சட்டத்தின் மேல் கண்ணாடிப் படிகள் உட்காரும். மூன்றாவதில் பக்கவாட்டில் தாங்குவதும் கண்ணாடியே.

சிறு குழந்தைகளும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் இருக்கும் வீட்டுக்கு முதல் வகையே பொருந்தும். வெளிச்சம் தடையின்றி இறங்கும், காலுக்கடியில் கல்லோ மரமோ இருக்கும், செலவும் குறையும். ஆடம்பர வீடுகளில் பெரும்பாலோர் ஆசைப்படுவது இரண்டாவது வகை. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. மூன்றாவதை, கண்ணாடிக் கட்டமைப்பில் அனுபவமுள்ள பொறியாளர் தம் கையெழுத்துடன் கணக்கு கொடுத்தால் மட்டுமே தொட வேண்டும். இரும்புச் சட்டம் செய்யும் ஃபேப்ரிகேட்டர் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் அந்தக் கணக்குக்கு அவர் ஈடாக மாட்டார்.

உடைந்த பிறகும் தாங்கும் கண்ணாடி

கடையில் எல்லாரும் சொல்லும் சொல் ‘டஃபன்ட்’. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துக் குளிரவைத்தால் அது சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலுப் பெறும். உடைந்தால் கத்தி முனைத் துண்டுகளாக இல்லாமல் சிறு சிறு கட்டிகளாக உதிரும். கதவுக்கு இது நல்லது. மிதிக்கும் படிக்கு, தட்டு மொத்தமாக உதிர்ந்து போவதே ஆபத்து: நிற்பவர் காலடியில் ஒன்றுமே இருக்காது.

ஆகவே படிக்கு எப்போதும் லேமினேட் கண்ணாடிதான். இரண்டு அல்லது மூன்று தட்டுகளை நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டுகிறார்கள். வழக்கமான தாள் பி.வி.பி.; 0.38 மி.மீ. மடங்குகளில் கிடைக்கும், படிக்கு 1.52 மி.மீ. வைப்பது பொதுவான பழக்கம். அதைவிடப் பல மடங்கு விறைப்பான தாள் சென்ட்ரிகிளாஸ் போன்ற அயனோபிளாஸ்ட் வகை. இந்த வேறுபாடு முக்கியம். டஃபன்ட் தட்டுகள் எல்லாம் ஒருசேர உடைந்தால் பி.வி.பி. தாள் நனைந்த கம்பளியைப் போலத் தொய்ந்துவிடும். அயனோபிளாஸ்ட் பெருமளவு விறைப்பாகவே நிற்கும். இன்னொரு வழி, தட்டுகளில் ஒன்றையாவது ‘ஹீட் ஸ்ட்ரெங்தன்ட்’ வகையாக வைப்பது. அதன் வலு சாதாரணக் கண்ணாடியைப் போல இரு மடங்குதான், ஆனால் பெரிய துண்டுகளாக உடைவதால் தாளைப் பற்றிக்கொண்டு பாரத்தை ஓரளவு தாங்கி நிற்கும்.

மூன்று தட்டுப் படியில் மேல் தட்டைப் பலி கொடுக்கலாம் என்ற கணக்கே நல்ல கணக்கு. பாத்திரம் விழுந்து மேல்தட்டு விரிசல் விட்டாலும் கீழிரண்டும் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும். சிகாகோவின் வில்லிஸ் கோபுரத்தில், தரையிலிருந்து 412 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் 2014இல் நடந்ததும் இதே வகைதான். மேலிருந்த பாதுகாப்புப் படலம் மட்டும் விரிசல் விட்டது. நின்றவர்கள் பயந்தார்கள், பாரம் தாங்கும் கண்ணாடிக்கு எதுவும் ஆகவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் தட்டுக் கண்ணாடி வாங்குவது சிரமமான காரியமல்ல. ஆனால் வெட்டி, ஓரம் பாலிஷ் போட்டு, ஓட்டை இட்டு, டஃபன் செய்து, ஒட்டித் தருபவர் ‘பிராசஸர்’ எனப்படும் வேறொரு ஆலைக்காரர். படியின் தரம் பாதிக்கு மேல் அவர் கையில்தான் இருக்கிறது. அவரிடம் கேட்க வேண்டியவை:

1. ஒவ்வொரு டஃபன்ட் தட்டிலும் அழியாத ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்குமா?
2. ‘ஹீட் சோக்’ சோதனைச் சான்றிதழ் தருவாரா? கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்பைடு துணுக்கு இருந்தால், யாரும் தொடாமலே டஃபன்ட் தட்டு ஒருநாள் வெடிக்கலாம். மறுபடி சூடாக்கி வைத்திருந்து, உடையக் கூடியதை ஆலையிலேயே உடைய விடுவதுதான் இந்தச் சோதனை. ஆபத்தை வெகுவாகக் குறைக்கும், முழுதாக ஒழிக்காது.
3. நடுத்தாள் எது, எத்தனை மி.மீ.? பில்லிலேயே எழுதித் தர வேண்டும்.
4. சாதாரணக் கண்ணாடியா, இரும்புச் சத்து குறைந்ததா? 36 மி.மீ. கனத்தில் சாதாரணக் கண்ணாடியின் ஓரம் பச்சையாகத் தெரியும். வெண்மையான ஓரம் வேண்டுமானால் இரும்பு குறைந்த வகைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்.

*குறிப்பு:* போலராய்டு கறுப்புக் கண்ணாடி அணிந்து, வானம் பிரதிபலிக்கும் கோணத்தில் தட்டைப் பாருங்கள். டஃபன் செய்த கண்ணாடியில் மங்கலான திட்டுகள் வரிசையாகத் தெரியும். சாதாரணத் தட்டில் அவை தெரியாது.

காகிதத்தில் ஒரு கணக்கு

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016 பதிப்பு, வீட்டுப் படிக்கு எல்லைகள் வகுத்திருக்கிறது: ஒரு படியின் ஏற்றம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மிதி 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒரே வீச்சில் வரும் ஏற்றங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கைப்பிடி 1,000 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இவை எல்லைகள் மட்டுமே. சுகமாக ஏற, இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் சேர்ந்து 600 முதல் 630 மி.மீ. வரை வரும்படி வைப்பது நெடுநாள் பழக்கம்.

ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே, தரை வேலை முடிந்த பின், 3,150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும்:

1. 3,150ஐ 18ஆல் வகுத்தால் ஏற்றம் 175 மி.மீ.
2. மிதி 280 என்றால், 175 + 175 + 280 = 630. சரி.
3. 18 ஏற்றம் ஒரே வீச்சில் கூடாது. நடுவே லேண்டிங் வைத்து 9, 9 எனப் பிரிக்க வேண்டும். ஒரு வீச்சுக்கு 8 கண்ணாடிப் படி, மொத்தம் 16.
4. மேல்படி கீழ்ப்படி மீது 20 மி.மீ. ஏறி நிற்கட்டும். ஆக ஒரு படி 1,000 × 300 மி.மீ.
5. கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 12 மி.மீ. தட்டு மூன்று என்றால் 90 கிலோ. அந்தப் படி ஒன்று 27 கிலோ. 16 படிக்கு 432 கிலோ.

இது கண்ணாடியின் எடை மட்டும். ஏறுபவர்களுக்காக, வீட்டுப் படிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், ஏறக்குறைய 300 கிலோ, கணக்கில் எடுக்கச் சொல்கிறது ஐ.எஸ். 875. பாரம் ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். தட்டின் கனத்தைப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். மேலே உள்ள 12 மி.மீ. ஒரு மாதிரி மட்டுமே. பக்கத்து வீட்டில் போட்டிருக்கும் கனத்தைப் பார்த்து அதையே போடச் சொல்வது தவறு. அங்கே படியின் அகலமும் தாங்கும் இடங்களும் வேறாக இருக்கும்.

இன்னொரு கணக்கைப் பலர் போடுவதே இல்லை. படிகளுக்கு நடுவே திறந்த இடைவெளி விட்டால், 175இல் படியின் கனமான 39 மி.மீ. போக 136 மி.மீ. சந்து மிஞ்சும். தவழும் குழந்தை நுழையப் போதுமான சந்து அது. 100 மி.மீ. பந்து நுழையக் கூடாது என்பது பிரிட்டனின் விதி. குழந்தையுள்ள எந்த வீட்டுக்கும் அது நல்ல அளவுகோல். படியின் அடியில் 40 மி.மீ.க்குக் குறையாத பட்டி ஒன்று ஓடினால் போதும், திறந்த தோற்றமும் கெடாது.

வேலை வரிசை

1. அடித்தள நிலையிலேயே முடிவு. வகை, படிகளின் எண்ணிக்கை, சட்டம் ஊன்றும் இடங்கள் ஆகியவை கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்தில் ஏறிவிட வேண்டும்.

2. கான்கிரீட் போடும் முன். பதிக்க வேண்டிய பிளேட்டுகளையும், யூ சேனலுக்கான பள்ளத்தையும், படிக்கு அடியில் விளக்கு வேண்டுமென்றால் அதற்கான பைப்பையும் சரிபார்க்க வேண்டும். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், ஃபேப்ரிகேட்டர் மூவரும் அன்று ஒரே இடத்தில் இருப்பது நல்லது.

3. தரை மட்டத்தை முன்கூட்டியே நிர்ணயிப்பது. கிரானைட்டும் அடிக் கலவையும் சேர்ந்து 50, 60 மி.மீ. ஏறிவிடும். அதைக் கழிக்காமல் சட்டம் செய்தால் முதல் படி குட்டையாகவும் கடைசிப் படி உயரமாகவும் வரும். கால் ஒரே அளவுக்குப் பழகியிருக்க, ஒரு படி மட்டும் மாறினால் இடறும். எல்லா ஏற்றமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

4. இரும்புச் சட்டம். வெல்டிங், கிரைண்டிங், பெயின்ட் எல்லாம் கண்ணாடி வரும் முன்பே முடிந்துவிட வேண்டும். வெல்டிங் பொறி கண்ணாடியில் பட்டால் ஏற்படும் குழியை எந்தப் பாலிஷும் எடுக்காது. சட்டம் நின்றதும் ரசமட்டமும் தூக்குக் குண்டும் வைத்து ஒவ்வொரு தாங்கியையும் பார்க்க வேண்டும். நான்கு மூலையில் ஒன்று தாழ்ந்திருந்தால் கண்ணாடி முறுகி நிற்கும்.

5. சட்டம் நின்ற பிறகே கண்ணாடிக்கு அளவு. வரைபடத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்கக் கூடாது. வளைவான இடங்களுக்கு மெல்லிய பிளைவுட்டில் வார்ப்புரு வெட்டி, படி எண், மேல்பக்கம், முன்பக்கம் மூன்றையும் அதன் மேலேயே எழுத வேண்டும்.

6. ஆர்டர். டஃபன் செய்த கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது. 5 மி.மீ. பெரிதாகிவிட்டாலும் அது குப்பைக்குத்தான். ஓட்டையின் விட்டம் கண்ணாடியின் கனத்தைவிடக் குறையாமலும், ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே கனத்தைப் போல இரு மடங்காவதும் இருக்க வேண்டும். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்காரர், ஃபேப்ரிகேட்டர், பிராசஸர் மூவரும் அளவுகளை உரக்கப் படித்துச் சரிபார்ப்பது மிகையான கவனமல்ல.

7. மாட்டுவது. கீழே தனியாகச் சொல்லப்படுகிறது.

8. மூடி வைப்பது. கிரகப்பிரவேசம் வரை பிளைவுட் தட்டுகளால் படிகளை மூட வேண்டும். சிமென்ட் கலந்த நீர் காய்ந்து நின்றால் கண்ணாடியை அரித்துக் கறையாக்கும்.

வழுக்கல்

நம் வீடுகளில் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நடமாட்டம். எண்ணெய் தேய்த்துக் குளித்த கால், துணி காயப்போட்டு மாடியிலிருந்து இறங்கும் ஈரக்கால், விசேஷ நாளில் பட்டுப் புடவையின் நுனியை மிதித்துவிடும் கால் என எல்லாம் இந்தப் படியில்தான் ஏறி இறங்க வேண்டும். பளபளப்பான கண்ணாடி காய்ந்திருக்கும்போது பிடிப்பாகத் தோன்றும். நாலு சொட்டு நீர் விழுந்தால் நிலைமை தலைகீழ்.

மேல் தட்டின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வழிகள் உண்டு. சூளையில் கண்ணாடியோடு உருகி ஒட்டும் செராமிக் புள்ளிகளும் கோடுகளும் நீடித்து உழைக்கும். மணல் பாய்ச்சுவதும் அமிலத்தால் அரிப்பதும் பால்நிறம் தரும். கீழே நிற்பவர்கள் மேலே பார்க்கும் சங்கடத்தையும் இது தீர்த்துவிடுகிறது. புடவையும் பாவாடையும் புழங்கும் வீட்டில் முழுத் தெளிவான படி வைப்பது யோசனையில்லாத செயல். பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர் பட்டைகளை நம்ப வேண்டாம். நாளடைவில் ஓரம் உரிந்து அதுவே காலைத் தடுக்கும்.

ஆர்டருக்கு முன் பிராசஸரிடம் ஒரு மாதிரித் துண்டு வாங்கி, வெறுங்காலோடு ஈரத்திலும் எண்ணெயிலும் மிதித்துப் பார்க்க வேண்டும். தரையில், சுவரைப் பிடித்துக்கொண்டு. முறையான அளவு வேண்டுபவர்கள் பெண்டுலம் சோதனை முடிவைக் கேட்கலாம். ஈரத்தில் 36க்கு மேல் வந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு என்பது பிரிட்டனில் புழங்கும் மதிப்பீடு.

படியின் முன் விளிம்பில் 50 மி.மீ. அகலத்துக்கு வேறு நிறக் கோடு கட்டாயம் வேண்டும். தெளிவான கண்ணாடியில் ஒரு படி எங்கே முடிகிறது என்பது கண்புரை உள்ளவர்களுக்குத் தெரிவதே இல்லை.

தடுப்பும் கைப்பிடியும்

தடுப்புக்கு ஒற்றை 12 மி.மீ. டஃபன்ட் போடுவது இன்னும் பரவலான வழக்கம். அது உடைந்தால் அந்த இடம் அப்படியே வெட்டவெளி. 8 மி.மீ. தட்டு இரண்டை 1.52 தாளால் ஒட்டிய லேமினேட் இங்கேயும் மேல், ஆனால் 1.2 × 1.1 மீட்டர் துண்டு ஒன்று 53 கிலோ வரும் என்பதால் அடியில் பிடிக்கும் சேனலும் ஆங்கரும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

மேல் விளிம்பில் ஒன்றுமே இல்லாத கண்ணாடி படத்தில் அழகாக இருக்கும். தடுமாறும் கை அதைப் பிடிக்க முடியாது. 40 முதல் 50 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் கைப்பிடி, மரமோ எஸ்.எஸ்.ஸோ, ஒரு பக்கமாவது தொடர்ச்சியாக ஓடட்டும். ஒரு கண்ணாடித் துண்டு போய்விட்டாலும் பக்கத்துத் துண்டுகளோடு சேர்ந்து அது நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற கடலோர வீடுகளில் 304 வகை எஸ்.எஸ். துருப்புள்ளி காட்டும், 316 கேட்க வேண்டும்.

மாட்டும் நாள்

1. கீழ்த்தளத்தில் படிக்கு நேர் கீழே யாரும் நடமாடாதபடி கயிறு கட்டுங்கள். குழந்தைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.
2. கண்ணாடியை வெறும் தரையில் நிறுத்தக் கூடாது. மரக்கட்டை அல்லது ரப்பர் மேல், சாய்த்து வைக்க வேண்டும். டஃபன்ட் கண்ணாடியின் நடுப்பகுதி அடியைத் தாங்கும். ஓரத்தில் படும் சிறு இடியைக்கூட அது தாங்காது.
3. சக்‌ஷன் கப் ஒட்டும் இடம் ஈரமும் தூசியும் இல்லாமல் இருக்க வேண்டும். சொரசொரப்பாக்கிய பக்கத்தில் அது சரியாகப் பிடிக்காது. தூக்குபவர்களுக்குக் கையுறை, மூடிய காலணி, கண் கவசம் மூன்றும் வேண்டும்.
4. கண்ணாடி எங்கும் இரும்பைத் தொடக் கூடாது. தாங்கிகளில் நியோபிரீன் அல்லது இ.பி.டி.எம். ரப்பரும், ஓட்டைகளில் நைலான் புஷ்ஷும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.
5. போல்டை இறுக்கி முறுக்க வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்கினால் போதும்.
6. சிலிகான் ‘நியூட்ரல்’ வகையாக இருக்கட்டும். பூசும்போது வினிகர் வாசனை வந்தால் வேலையை நிறுத்துங்கள். அந்த வகை நடுத்தாளின் ஓரத்தைக் கெடுத்து, நாளடைவில் கண்ணாடி விளிம்பில் வெண்படலம் படரச் செய்யும்.
7. சிலிகான் காயும் வரை யாரும் ஏறக் கூடாது. காய்ந்ததும் ஒவ்வொரு படியிலும் நடந்து காது கொடுத்துக் கேளுங்கள். ‘கிறீச்’ அல்லது ‘டக்’ என்ற சத்தம் வந்தால் எங்கோ ரப்பர் நழுவியிருக்கிறது.

*குறிப்பு:* பொருத்தி முடிந்ததும் கணக்குத் தாள், கையெழுத்திட்ட வரைபடம், ஹீட் சோக் சான்றிதழ், பில் நான்கையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதும், உடைந்தால் செய்வதும்

தினசரித் துடைப்புக்கு ஈரமான மைக்ரோஃபைபர் துணி போதும். போர்வெல் உப்புத் தண்ணீர் வெள்ளைப் புள்ளி விடும் என்பதால் உப்பு நீக்கிய நீரைப் பயன்படுத்தி, உடனே காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். டைல்ஸுக்கு ஊற்றும் ஆசிட், கம்பி நார், பிளேடு மூன்றும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா போல்டையும், ரப்பரையும், தட்டுகளின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, தட்டுகளுக்கு நடுவே குமிழி தெரிந்தாலோ பிராசஸரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

ஒரு படியில் விரிசல் தெரிந்தால், அது மேல் தட்டு மட்டும்தான் என்று தோன்றினாலும், செய்ய வேண்டியவை இவை:

1. அந்த வீச்சையே உடனே மூடுங்கள். மேலும் கீழும் நாற்காலி போட்டு மறித்தால்கூடப் போதும். மேலே இருப்பவர்கள் வேறு வழியில் இறங்கட்டும். வேறு வழியில்லை என்றால், அடியிலிருந்து முட்டுக் கொடுத்த பிறகே இறங்க வேண்டும்.
2. எந்தத் தட்டு உடைந்தது என்று பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். படம் எடுத்துப் பொறியாளருக்கு அனுப்புங்கள்.
3. உதிர்ந்த துண்டுகளைத் துணியால் துடைக்க வேண்டாம். கையுறை, முறம், பிறகு ஈரமான காகிதம்.
4. உறையிலிருக்கும் வரைபடத்தைப் பார்த்தே புதுத் தட்டை ஆர்டர் செய்யுங்கள். வந்ததும் முத்திரை, நடுத்தாள், படி எண் மூன்றையும் சரிபார்த்து, பழைய ரப்பரைக் கழற்றிப் புது ரப்பர் போட்ட பிறகே மாட்டச் சொல்லுங்கள்.